24 மணி நேரமும் ஓடும் வீட்டுக் கணினி: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

சிசிடிவி பதிவு, குடும்பப் படங்களின் சேமிப்பு, வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைப் பிடித்து வேலை செய்வது என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கணினியை அணைக்காமலே விடும் வீடுகள் பெருகிவிட்டன. சொந்தக்காரர்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இப்படி ஓடும் கணினிகளைத் திரும்பத் திரும்பச் சரி செய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஓயாமல் ஓடுவதால் கெட்டுப்போகிறது என்று கொண்டுவருகிற கணினிகளில் பாதிக்கு மேல் பிரச்சினை கணினிக்குள்ளேயே இல்லை. கரண்டில் இருக்கிறது, சூட்டில் இருக்கிறது, தூசியில் இருக்கிறது. அதனால் கேபினெட்டைத் திறக்கும் முன் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மேசைக் கணினிக்காக எழுதியது இது. லேப்டாப்புக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## கருகல் வாடை, புகை, பிளக்கில் 'சர்ர்' சத்தம்

சோதனை எதுவும் வேண்டாம். சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். தொட முடியாத நிலை என்றால் மெயினை இறக்குங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பின்கள் கறுத்திருந்தாலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ கோளாறு அங்கேதான். அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். சுவர் சாக்கெட்டே கறுத்திருந்தால் எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

வாடை எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கணினிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளைப் பெட்டி) பக்கத்திலிருந்து வந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். திறக்காதீர்கள்.

## காலையில் பார்த்தால் அணைந்து கிடக்கிறது

பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கு என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பாதை பிரிகிறது.

### விட்ட இடத்திலேயே திரை வருகிறது

அணையவில்லை, தூங்கியிருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் ஸ்லீப் நேரத்தை 'நெவர்' ஆக்குங்கள். மானிட்டர் அணைவதற்கான நேரம் அதே இடத்தில் தனியாக இருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் விடுங்கள். மானிட்டர் அணைந்தால் கணினியும் நின்றுவிடும் என்று நினைத்து இரவெல்லாம் திரையை எரியவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வீண்.

### புதிதாக பூட் ஆகிறது

இங்கே ஊகம் வேண்டாம், விண்டோஸே எழுதி வைத்திருக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலது பக்கத்தில் 'ஃபில்டர்' இருக்கும். அதில் 41, 6008, 1074 என்ற எண்களை மட்டும் போட்டு வடிகட்டுங்கள்.

1074 இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறையாகக் கேட்டு அணைத்திருக்கிறது. யார் கேட்டது என்று அந்த வரியிலேயே இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், சில வீடுகளில் பெரியவர்கள்.

6008 இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றிருக்கிறது. நின்ற நேரமும் அதிலேயே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனதா என்று வீட்டில் விசாரியுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டில் கேட்டால் தெரியும்.

41 இருந்தால் அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் பக்செக்கோட் என்று ஒரு வரியைத் தேடுங்கள். அதில் 0 இருந்தால் கரண்ட் துண்டிப்பு, எஸ்எம்பிஎஸ், அல்லது முழு ஹேங். வேறு எண் இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் முழுதாக விழும்போது காட்டும் நீல நிறப் பிழைத் திரை) வந்து விழுந்திருக்கிறது. கீழே 'நேரம் காலம் இல்லாமல், நீலத்திரையோடு' என்ற தலைப்புக்குப் போங்கள்.

### கரண்ட்தான் போயிருக்கிறது, யுபிஎஸ்ஸும் இருக்கிறது

யுபிஎஸ் இருப்பதும் யுபிஎஸ் வேலை செய்வதும் வேறு வேறு. கணினியை முறையாக அணைத்துவிட்டு, மானிட்டரையும் ஒரு பழைய குண்டு பல்பையும் மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவரில் ஸ்விட்சை அணையுங்கள். சில நொடிகளிலேயே எல்லாம் அணைந்தால் பேட்டரி போய்விட்டது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. இரண்டு மூன்று வருடங்கள்தான் அதன் ஆயுள், நம் வெயிலில் இன்னும் குறையும். புது யுபிஎஸ் வாங்க வேண்டாம், பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

பேட்டரி நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்து பத்து நிமிடத்தில் சாகிறது என்றால், அந்த யுபிஎஸ் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் கரண்டைப் பல யுபிஎஸ்கள் கரண்டாகவே ஏற்பதில்லை. இன்வெர்ட்டர் வீடு முழுக்க ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கும். இது மட்டும் தன் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கும். யுபிஎஸ்ஸை நீக்கிவிட்டு நேரடியாக இன்வெர்ட்டரில் ஓட்டிப் பாருங்கள்.

அப்படி நேரடியாக ஓட்டும்போது, கரண்ட் போகும் கணத்தில் மட்டும் கணினி விழுகிறதா? பல இன்வெர்ட்டர்களின் பின்னாலோ முன்னாலோ 'யுபிஎஸ்', 'ஈகோ' அல்லது 'நார்மல்' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஃபேன் லைட்டுக்கு ஈகோ போதும். கணினிக்கு அந்த மாறும் நேரம் அதிகம். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: யுபிஎஸ் நிலையில் லோ வோல்டேஜ் வந்தாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் பேட்டரி சீக்கிரம் காலியாகும். அங்கே ஸ்டெபிலைசர் வேண்டும்.

அதையும் பார்த்தாயிற்று, இன்னும் விழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பலவீனமாகியிருக்கலாம். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. கடைக்காரரிடம் கொண்டுபோனால் அதைத்தான் அவரும் செய்வார்.

### கரண்ட் வந்த பிறகும் தானாக ஆன் ஆகவில்லை

இது கோளாறு அல்ல, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரல்) அமைப்பு. ஆன் செய்யும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போங்கள். 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்', 'ஏசி பேக்', 'ஸ்டேட் ஆஃப்டர் ஜி3' என்று மதர்போர்டுக்கு ஒரு பெயரில் இருக்கும். அதைப் 'பவர் ஆன்' ஆக்குங்கள். மாற்றியும் பலிக்கவில்லை என்றால் 'ஈஆர்பி' என்று ஒரு மின்சேமிப்பு அமைப்பு எனேபிள் ஆகியிருக்கிறதா பார்த்து அதை டிஸேபிள் செய்யுங்கள்.

## தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

### இரவில் மட்டும், அதுவும் எப்போதாவது

அப்டேட். விண்டோஸ் அப்டேட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ஆக்டிவ் ஹவர்ஸ், அதாவது அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரம். அதிகபட்சம் 18 மணி நேரம்தான் கொடுக்க முடியும், மீதி 6 மணி நேரம் விண்டோஸுக்கு. அதனால் ரீஸ்டார்ட்டை அடியோடு தடுக்கப் போராடுவதைவிட, ரீஸ்டார்ட் ஆனாலும் நிரல் தானாக எழும்படி வைப்பது நல்லது. பல வீடுகளில் சிசிடிவி பதிவு நாள்கணக்கில் நின்றுபோயிருப்பது இதனால்தான்: கணினி ரீஸ்டார்ட் ஆகி, கடவுச்சொல் கேட்டு, லாகின் திரையிலேயே காத்திருக்கும். அக்கவுன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் பகுதியில், அப்டேட்டுக்குப் பிறகு என் விவரத்தைக் கொண்டு தானாக உள்ளே நுழை என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போடுங்கள். நிரலுக்கு 'சர்வீஸ்' ஆக ஓடும் வசதி இருந்தால் அது இன்னும் மேல், லாகினே தேவையில்லை.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்டேட் தொல்லை ஓய்ந்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. இரவும் பகலும் இணையத்தில் இருக்கும் கணினிக்கு அது நல்ல செய்தி அல்ல.

### நேரம் காலம் இல்லாமல், நீலத்திரையோடு

முதலில் ரேம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களைச் சுத்தமான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரு பக்கமும் 'க்ளிக்' என்று விழும்வரை அமுக்குங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் இந்தக் கால்கள் மங்கிப்போவது சகஜம். அப்புறம் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

ரேம் சரி என்றால், அடுத்து சூடு, அடுத்த தலைப்பு. அதுவும் சரி, எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றிப் பார்த்தாயிற்று என்றால் மீதி இருப்பது மதர்போர்டு. பிராசஸரைச் சுற்றியுள்ள உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதற்கு மேல் வீட்டு வைத்தியம் இல்லை, சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## ஃபேன் கத்துகிறது, கேபினெட் கொதிக்கிறது

எச்டபிள்யூமானிட்டர் அல்லது கோர் டெம்ப் நிறுவி, பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். வேலை இல்லாமல் சும்மா ஓடும்போது 40 முதல் 50 டிகிரி வரை கவலையில்லை. கத்திரி வெயிலில் இன்னும் கொஞ்சம் ஏறும். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 95, 100 என்று நின்றால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

### மூடியைக் கழற்றியதும் பத்து டிகிரிக்கு மேல் இறங்குகிறது

காற்றோட்டம் இல்லை. கணினி மேசையின் கதவுள்ள அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள், அல்லது பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். வெளியே எடுத்து, பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய இடமானால் அறையின் வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். பின்னால் ஃபேனே இல்லாத கேபினெட்டில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இதற்காக மூடியை நிரந்தரமாகத் திறந்தே வைக்காதீர்கள். பல்லி நுழையும். பின்பக்கம் கார்டு செருகும் பட்டைகளில் தகடு விழுந்துபோன ஓட்டையே அதற்குப் போதும். வெதுவெதுப்பான இடம் என்று உள்ளே போய் மதர்போர்டில் ஷார்ட் ஆகி, தானும் செத்து போர்டையும் கொன்றுவிடும். அந்த ஓட்டைகளுக்குத் தகடு வாங்கிப் போடுங்கள்.

### மூடியைக் கழற்றியும் இறங்கவில்லை

ஹீட்சிங்க்கில் (பிராசஸரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் அலுமினியத் தொகுதி) கோளாறு. மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும், ஏமாறாதீர்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால் ஒரே தாளாக உரிந்து வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். பூஜையறைக்கும் சமையலறைக்கும் பக்கத்தில் இருக்கும் கணினியில் தூசி பிசுபிசுப்பாக இருக்கும், காற்றுக்கு வராது. பெயின்ட் பிரஷ்தான் வழி.

இன்டெல் பிராசஸரோடு வந்த ஹீட்சிங்க் என்றால் அதன் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பின் மேலே எழும்பியிருந்தாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆன் செய்த சில நிமிடத்திலேயே வெப்பம் எகிறும். மூலைவிட்டமாக எதிரெதிர்ப் பின்களை அமுக்கினால் சரியாக உட்காரும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் சூடு என்றால் பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு வைத்தால் போதும். ஹீட்சிங்க்கைக் கழற்றத் தயக்கமாக இருந்தால் கடையில் கொடுங்கள், பெரிய செலவில்லை.

சூடு இல்லை, சத்தம் மட்டும் 'கர்ர்' என்றால் பேரிங் தேய்ந்த ஃபேன். எண்ணெய் விடும் வித்தை ஒரு மாதம் தாங்கும். மாற்றிவிடுங்கள்.

## 'டக்... டக்' சத்தம், அவ்வப்போது அரை நிமிடம் உறைதல்

வேறு எதையும் செய்யுமுன் முக்கியமான படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலைத் திறந்து, கெட்ட இடங்களை எண்ணும் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. கடைசி நெடுவரிசையில் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் பதினாறடிமான முறையில் தெரியலாம், குழம்பாதீர்கள்; பூஜ்யமா இல்லையா என்பதுதான் கேள்வி. பூஜ்யம் இல்லை, வாரா வாரம் ஏறுகிறது என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. ஃபார்மட் செய்து மீட்கப் பார்க்காதீர்கள்.

இந்த மூன்றும் பூஜ்யம், சி7 மட்டும் ஏறுகிறதா? டிஸ்க்கின்மேல் பழி போடாதீர்கள், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மேசைக் கணினி ஹார்டு டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில் ஆண்டுக்கு 2400 மணி நேரம் என்று போட்டிருக்கும். அணைக்காத கணினிக்கு ஆண்டுக்கு 8760 மணி நேரம். சிசிடிவிக்கென்று வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை ஓய்வில்லாமல் ஓடவே செய்தவை.

டிஸ்க் விழுந்துவிட்டது, நகலும் இல்லை என்றால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கும் நிபுணரிடம் போங்கள். ஓடவிட ஓடவிட மீட்கும் வாய்ப்பு குறையும். செலவு புது டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்கு வரலாம் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

## நாளாக ஆக மந்தமாகிறது

டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு. அங்கே 'அப் டைம்' எத்தனை நாள் என்று பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்கிறேன் என்று சொல்பவர்கள் வீட்டிலும் அது இருபது நாள் காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை ஷட் டவுன் முழுமையான ஷட் டவுன் அல்ல. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகி, ஒரு வாரத்தில் மறுபடி மந்தமானால் ஏதோ ஒரு நிரல் மெமரியைத் தின்கிறது. புராசஸஸ் பகுதியில் மெமரி தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் பிரவுசர் இருக்கும், அது வழக்கம்தான். இரண்டாவது மூன்றாவதாக இருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே இருப்பதுதான் திருடன். அதைப் புதுப்பியுங்கள், அல்லது டாஸ்க் ஷெட்யூலரில் வாரம் ஒருமுறை அதிகாலையில் ரீஸ்டார்ட் வையுங்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் இந்தத் தலைவலியே வேண்டாம், ஆன் ஆனதிலிருந்து மில்லிசெகண்டுகளைக் கணக்கிடும் எண்ணி 49.7 நாளில் நிரம்பி, கணினி தானே உறைந்துவிடும். அதற்கு முன்பே எப்படியும் வேறு காரணத்தில் விழுந்துவிடும் என்பது வேறு கதை.

ரீஸ்டார்ட் செய்தும் மந்தமா? சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். சிசிடிவி நிரலில் பழைய பதிவை அழித்து எழுதும் வசதியைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

## ஓடுகிறது, ஆனால் வெளியிலிருந்து பிடிக்க முடியவில்லை

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். வைஃபையில் ஓடும் கணினிக்கு முடிந்தால் லேன் கேபிள் போடுங்கள்.

வீட்டுக்குள் கிடைக்கிறது, வெளியிலிருந்து மட்டும் கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்கத்து) ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்கென்று பொது ஐபி இல்லை, பலரோடு பகிர்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கணினிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) எவ்வளவு செய்தாலும் பலிக்காது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் நிரலைப் போடுங்கள், அல்லது இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, கேளுங்கள். பொது ஐபி இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை அப்படியே வெளியே திறந்து வைக்காதீர்கள். நாள் முழுதும் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இடி மழைக்குப் பிறகு லேன் மட்டும் போய்விட்டது என்றால் ரவுட்டரின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் மதர்போர்டின் லேன் போயிருக்கும். நூறுகளில் கிடைக்கும் யுஎஸ்பி லேன் அடாப்டர் போதும், போர்டை மாற்ற வேண்டாம்.

## தேதி பழசாகிறது, இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டுகின்றன

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மாற்றிய பிறகு பயாஸில் தேதியோடு, மேலே சொன்ன பவர் ஆன் அமைப்பையும் மறுபடி போடுங்கள்.

## கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டு நேரடியாகச் சுவரில் மாட்டுங்கள். நின்றுவிட்டால் பாக்ஸ்தான் காரணம். நிற்கவில்லை என்றால் கிச்சனில் ஃபிரிட்ஜ் மாட்டும் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே சுர்ரென்னவில்லை என்றால் கணினி அறையின் போர்டுக்கு எர்த் ஒயர் வரவில்லை. மாடி வாடகை வீடுகளில் இது அதிகம். எங்கே மாட்டினாலும் சுர்ரென்றால் பவர் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயில் ஒயரைக் கட்டி எர்த் எடுக்கும் யோசனையைச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

## கரண்ட் பில் ஏறிவிட்டது

60 வாட் இழுக்கும் கணினி ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாக வரும் யூனிட்டில் பெரிய பங்கை இதுவே சாப்பிட்டுவிடும். கிராஃபிக்ஸ் கார்டோடு 100 வாட் என்றால் 144 யூனிட். மொத்தம் 500-ஐத் தாண்டும் வீட்டில் கட்டணச் சலுகையும் குறையும். அதனால் எல்லையில் நிற்கும் வீட்டில்தான் பில் திடீரென்று எகிறியதாகத் தெரியும்.

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள். விளையாடாத வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் டிஸ்ப்ளே துளை இருந்தால் அதில் மானிட்டரை மாட்டுங்கள். கோப்புச் சேமிப்புக்கும் சிசிடிவிக்கும் மட்டும்தான் என்றால் 15 வாட் அளவில் ஓடும் மினி பிசி இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டோடு முடித்துவிடும். பழைய டெஸ்க்டாப்பை ரிப்பேர் செய்யப் பெரிய தொகை கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## லேப்டாப்பை இப்படி ஓட்டினால்

சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அந்தந்த நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ இருக்கும், அதைப் போடுங்கள். டச்பேட் அழுந்த மறுக்கிறது, கீபோர்டு நடுவில் மேடாகிறது, மூடி சரியாகப் படியவில்லை என்றால் பேட்டரி வீங்குகிறது. அன்றே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். குத்துவது, அமுக்கி மூடுவது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பழைய பேட்டரியை அவர்களே வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.